குற்றாலத்தில் தண்ணீர் இல்லாத மாதங்களில்: நெல்லைக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி முடியும் நேரத்தில் எங்கள் மாடி வீட்டுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. கணவருக்குக் கங்கைகொண்டானில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். வந்த மறுவாரமே அந்தப் பெண் கேட்டாள்: "அக்கா, லீவு நாள்ல பிள்ளைங்கள எங்க கூட்டிட்டுப் போறது? எல்லாரும் குற்றாலம்னு சொல்றாங்க. இப்ப அங்க தண்ணியே இல்லையாமே?"

அவள் கேட்டது நியாயம்தான். குற்றாலத்துக்கு ஆனி, ஆடிச் சாரல் வேண்டும். பங்குனியில் அருவிப் பாறை பெரும்பாலும் காய்ந்துதான் கிடக்கும். ஆனால் நெல்லைச் சீமையில் குடும்பத்தோடு வெளியே போக எனக்குப் பிடித்த காலம் பங்குனியும் சித்திரை முதல் பாதியும்தான். பிசான நெல் அறுப்பு முடிந்து வயல் திறந்து கிடக்கும். வேம்பு பூத்திருக்கும். பனையில் பதனீ இறங்கும். தாமிரபரணி ஆற்றில் வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளிந்திருக்கும். அவளுக்கு அன்று வாயால் சொன்னதை, இப்போது புதிதாக வந்திருக்கும் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

பங்குனி வெயிலைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் திறந்த வெளியில் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. அதனால் நமக்கு இரண்டே வழிகள். விடியற்காலையில் கிளம்பிப் பத்து மணிக்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுவது ஒன்று. காலையில் போய், மரநிழலும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, வெயில் தாழ்ந்த பிறகு திரும்புவது மற்றொன்று. முதல் வழிக்குக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், இரண்டாவதற்குத் தாமிரபரணிக் கரையில் இருக்கும் பாபநாசம். ஒரே நாளில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள். ஒன்று தெற்கே, மற்றொன்று மேற்கே. நாள் முழுக்க வண்டியிலேயே போய்விடும்.

சித்திரை விசு அன்றும் அதை ஒட்டிய நாட்களிலும் பாபநாசத்தில் திருவிழாக் கூட்டம் இருக்கும். கூட்டம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அன்றைக்கே போகலாம். கைக்குழந்தை இருந்தால் வேறு நாள் பாருங்கள்.

கட்டுச்சோறு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். போகிற இடத்தில் கடை இருக்கும் என்று நம்பிப் போனால் கையில் மிஞ்சுவது பாக்கெட்டும் பாட்டிலும்தான்.

முந்தின நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் காய்ச்சி வைத்துவிடுங்கள். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை அடுப்பை விட்டு இறக்கக் கூடாது. புளியும் அந்த எண்ணெயும்தான் சோற்றைக் கெடாமல் காக்கும். காலையில் சோற்றை உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள்தூளும் இரண்டு கரண்டி நல்லெண்ணெயும் விட்டு ஆறவிடுங்கள். சூட்டோடு கட்டினால் மத்தியானத்துக்குள் வேர்த்து நசநசத்துவிடும். ஆறிய பிறகு புளிக்காய்ச்சலைப் போட்டுப் பிசறி, அனலில் வாட்டிய வாழையிலையில் ஆளுக்கொரு பொட்டலமாகக் கட்டுங்கள். இலையை வாட்டாமல் மடித்தால் மடிப்பில் கிழியும்.

தயிர்ச் சோற்றுக்கு ஒரு சின்னப் பக்குவம் உண்டு. தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசையுங்கள். ஒரு கரண்டித் தயிர் போதும், சாப்பிடும் நேரத்துக்குள் அதுவே உறைந்து சரியான பதத்துக்கு வந்திருக்கும். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையல், மோர் மிளகாய், கூழ்வத்தல். அம்பாசமுத்திரம் பக்கம் போகிறவர்கள் கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை வழியில் வாங்கிக்கொள்ளலாம். பொரிப்பது மட்டும் வீடு திரும்பிய பிறகுதான்.

ஆற்றங்கரையில் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பிள்ளைகளிடம் நான் ஒரு விளையாட்டு வைப்பேன். இந்தக் கவளத்தில் எத்தனை தேசம் இருக்கிறது, சொல்லுங்கள். வற்றல் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, 500 ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்தது. நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து வேர்ப்பால். புளியமரத்தின் பூர்வீகமே ஆப்பிரிக்கா என்கிறது தாவரவியல். அரிசி, எள், மஞ்சள் போன்றவைதான் நம் பக்கத்து விளைச்சல். இத்தனையையும் சேர்த்து இலையில் கட்டி, கோயில் பிரசாதமாகவே கொடுக்கிறோம். வந்ததை எங்கள் ஆச்சிமார் வேற்றூர்ச் சரக்கு என்று தள்ளிவைக்கவும் இல்லை, வந்தபடியே வாயில் போட்டுக்கொள்ளவும் இல்லை. தங்கள் கைப்பக்குவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

1991க்குப் பிறகு உலகமயம் என்ற சொல் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியபோது எனக்கு அச்சம்தான் இருந்தது. பிறகு யோசித்தேன். இந்த ஆறு கடலைத் தொடும் பக்கத்தில்தான் கொற்கை இருந்தது. 2000 ஆண்டுகளுக்கு முன்பே அதன் முத்தைக் கிரேக்க மாலுமிகள் அறிந்திருந்தார்கள். வெளியுலகம் இந்த மண்ணுக்குப் புதிது கிடையாது. வருகிறதை எந்தப் பக்குவத்தில் எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் என் கவலை இருக்கிறது. மிளகாய் இங்கே வந்து நம்முடையதாகிவிட்டது. பிளாஸ்டிக் உறை அப்படி ஆகாது. இலை சீக்கிரமே மக்கி மண்ணாகும், உறை என் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அந்தக் கரையிலேயே கிடக்கும்.

ஆகவே எடுத்து வைக்க வேண்டியவை: வாழையிலை, எவர்சில்வர் தூக்கு, வீட்டுத் தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய செம்பு அல்லது பாத்திரம், பழைய துணிப்பை இரண்டு. ஒரு பை குப்பைக்கு, மற்றது ஈரத்துணிக்கு.

பாபநாசம் போகும் வழி

நெல்லையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நேர் பேருந்து உண்டு. பிள்ளைகள் இருந்தால் நான் ரயிலைத்தான் சொல்வேன். செங்கோட்டை ரயிலில் ஏறி அம்பாசமுத்திரத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் போகலாம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு நிலையமும் ஒரு கதை.

சேரன்மகாதேவியை ஒட்டியதுதான் பத்தமடை. ஆற்றங்கரைக் கோரையைக் கிழித்து, பட்டுப்போலப் பாய் நெய்யும் ஊர். அந்தக் கைவேலை அங்குள்ள இஸ்லாமியக் குடும்பங்களின் வழிவழிச் சொத்து. நெல்லையில் எந்தச் சமயத்துக் கல்யாணமாக இருந்தாலும் மணமக்களுக்குப் பத்தமடைப் பாய் வாங்குவது மரபு. அதே பக்கத்தில் ஓடுவது கன்னடியன் கால்வாய். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தன் பொருளைப் போட்டு வெட்டியது என்று ஊர்க்கதை சொல்லும். எங்கே வெட்டுவது என்று தெரியாமல் ஒரு பசுவின் பின்னால் நடந்தாராம். அது போன தடம் கால்வாய், படுத்த இடம் குளம். கதை எப்படியோ, பல தலைமுறையாக அந்தத் தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வெளியூர்க்காரர் பெயரைத்தான் நாள்தோறும் சொல்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டிய கதை என்று எனக்குத் தோன்றும்.

விக்கிரமசிங்கபுரத்தைத் தாண்டும்போது நூற்பாலை தெரியும். 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்று நீரின் விசையை நம்பித் தொடங்கியது. அதைச் சுற்றித்தான் அந்த ஊர் வளர்ந்தது.

பாபநாசநாதர் கோயில் எதிரே படித்துறை. அங்கே பெரிய பெரிய மீன்கள் காலைச் சுற்றி வரும். யாரும் பிடிக்க மாட்டார்கள், பொரி போடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு மணி நேரம் போகும். மேலே அகஸ்தியர் அருவிக்குப் போவதானால் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் எல்லை. பையைப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கொண்டுபோகாதீர்கள். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைக் கையிலிருந்து இறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பாவம் போக வேண்டும் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வரும் வழக்கம் இங்கே பரவிவிட்டது. அந்தத் துணிகள் பாறை இடுக்கில் சிக்கி, அழுகி, படித்துறை முழுக்கச் சகதியாகக் கிடக்கின்றன. இளைஞர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளியிருக்கிறார்கள், மறுபடி சேர்கிறது. இதே தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. யார் சொன்னாலும் நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

12 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பாபநாசத்துக்கு வெகு கீழே ஒரு சின்னப் படித்துறை. முழங்கால் அளவுத் தண்ணீர், தரை தெரிகிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். நான் இலையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. இரண்டு எட்டுத் தள்ளி வைத்தான், ஆளைக் காணோம். அங்கே மணல் அள்ளிய குழி ஒன்று கசமாகி, ஆழப் பள்ளமாகக் கிடந்திருக்கிறது. எனக்குக் குரலே எழவில்லை. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த ஈரச் சேலையைச் சுழற்றி வீசினார். மேலே வந்த அவன் கையில் அது சிக்கியது. இழுத்துப் போட்டார். அவன் இருமித் தண்ணீரைத் துப்பிய பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெளியூரா? தண்ணியப் பாத்தா கேக்காம எறங்கிருவியளோ?"

பாளையங்கோட்டைக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, அந்தக் குறை இன்றும் இருக்கிறது. அந்த அம்மா சொன்னதைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் இறங்காதீர்கள். "இங்க கசம் உண்டுமா?" என்று கேளுங்கள், எங்கே வரை போகலாம் என்று கைகாட்டுவார்கள். ஊர்ச்சனம் குளிக்கும் இடத்திலேயே குளியுங்கள். ஆளில்லாத அழகான துறையில் ஆளில்லாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

படியில் பாசி இருந்தால் உட்கார்ந்தே இறங்குங்கள். பெரியவர் ஒருவர் ஆழத்துப் பக்கம் நிற்க, பிள்ளைகள் கரைப்பக்கம் இருக்க வேண்டும். போனை அவர் கரையில் வைத்துவிட வேண்டும். சுருட்டிய நீளச் சேலையோ கயிறோ கரையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலும் மட்டம் ஏறினாலும் உடனே எல்லோரும் மேலே வந்துவிட வேண்டும். அணையில் திறந்துவிட்டிருப்பார்கள். தடுப்பணையின் மேல் நடக்கவே வேண்டாம்.

கூந்தன்குளம்

இதற்குச் சொந்த வண்டியோ வாடகை வண்டியோ வேண்டும். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து போனால் செலவும் குறையும். மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம், நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்து, மணிமுத்தாற்றுத் தண்ணீரும் வராத வருடம் பறவையும் இருக்காது. விடிந்தவுடன் அங்கே நிற்பது நல்லது.

கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்தில் மட்டும் இருக்கும் என்று நினைத்துப் போனால் ஆச்சரியப்படுவீர்கள். ஊருக்குள் வீட்டு வாசல் வேம்பிலும் கொல்லைப் புளியிலும் கூடு கட்டியிருக்கும். பங்குனியில் கூட்டுக்குள் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருக்கும். கீழே கோலம் போட்ட வாசலில் எச்சம் வெள்ளையாகத் தெறித்துக் கிடக்கும். ஒரு பாட்டி அதைப் பெருக்கிக்கொண்டே, வயலுக்கு எருவாகிறது என்றார். தீபாவளிக்கு அந்த ஊரில் வெடி போடுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்கள் அங்கே உண்டு. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பிறகு உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊர் பறவையைக் காத்த வழக்கம் அதற்கெல்லாம் மூத்தது.

குளிர்காலத்தில் வரித்தலை வாத்து வருகிறது. மங்கோலியாவிலும் திபெத்திலும் லடாக் ஏரிகளிலும் குஞ்சு பொரிக்கிற பறவை. இமயமலையைத் தாண்டி நம் நெல்லைச் சீமைக் குளத்துக்கு வந்து, பங்குனி வாக்கில் திரும்புகிறது. முந்திப் போனால் கடைசிக் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்த வாத்து இங்கே நன்றாக இருக்க வேண்டுமானால் இங்குள்ளவர்கள் சத்தம் போடாமல் இருந்தால் மட்டும் போதாது, அங்குள்ள ஏரியையும் யாரோ காக்க வேண்டும். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது, நம்மை அவர்களுக்கும் தெரியாது. உலகம் ஒன்று என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வாத்துதான் நினைவுக்கு வரும்.

அங்கே நடந்துகொள்ள வேண்டிய முறை எளிது. மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். தலைக்குத் தொப்பியோ துண்டோ கட்டாயம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஹாரன், பாட்டு, கைதட்டல் வேண்டாம். கூடு இருக்கும் மரத்தின் கீழ் கூட்டமாக நிற்காதீர்கள். அது ஒருவர் வீட்டு வாசல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

திரும்பும் வழியில் பதனீ கிடைக்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளித்துவிடும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியதால் இலேசாக ஒரு வாடை இருக்கும், அது கெடுதல் இல்லை.

பங்குனி உத்திரத்துக்குக் கூப்பிட்டால் போங்கள்

அன்றைக்கு நெல்லை வீடுகள் பூட்டிக் கிடக்கும். அவரவர் குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் போயிருப்பார்கள். குளக்கரை, காட்டோரம், செம்மணல் தேரி என்று ஊருக்கு வெளியேதான் பெரும்பாலும் சாஸ்தா இருப்பார். தாராவியிலிருந்தும் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து சேர்வார்கள். ஒரே சாஸ்தாவைப் பல சாதிக் குடும்பங்கள் கும்பிடுவதும் உண்டு, பக்கத்துப் பக்கத்து அடுப்பில் பொங்கல் பொங்கும். தங்கள் சாஸ்தா யாரென்று மறந்தவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனாரிடம் போகலாம் என்பது வழக்கு. வெளியூர்க்காரருக்கும் அங்கே இலை உண்டு. ஒரு படி அரிசியும் வெல்லமும் கொண்டுபோய்க் கொடுங்கள். தண்ணீர் தூக்கவோ வெங்காயம் உரிக்கவோ உட்கார்ந்துவிடுங்கள், பேச்சு தானாக வரும்.

சமைத்து முடிந்ததும் அடுப்பை முழுக்கத் தண்ணீர் விட்டு அணையுங்கள். காய்ந்த சருகுக்குப் பக்கத்தில் கங்கு கிடக்கக் கூடாது. ஆனால் அந்த மூன்று கல்லை உருட்டிவிடாதீர்கள். அடுத்து வருகிற குடும்பத்துக்காக அப்படியே விட்டுவைப்பார்கள். மிஞ்சிய விறகையும் பக்கத்தில் அடுக்கிவிட்டு வருவார் என் பெரியப்பா.

என் தங்கை மெல்பர்னில் இருக்கிறாள். இங்கே வெயில் ஏறும்போது அங்கே இலை உதிரும் காலம். போன உத்திரத்துக்குப் போனில் முகம் பார்த்துப் பேசினோம். கல் அடுப்பைக் காட்டினேன். அங்கே பூங்காவில் எல்லோருக்கும் பொதுவாக மின் அடுப்பு வைத்திருக்கிறார்களாம். காசு கிடையாது, சுட்டுச் சாப்பிட்டுவிட்டு, அடுத்தவருக்காகத் தட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். "முத தடவ எனக்கு யாரும் சொல்லித் தரலக்கா, நானே தொடச்சு வச்சேன். பெரியப்பா ஞாபகம்தான் வந்துச்சு" என்றாள்.

திரும்பும்போது

கிளம்பும் முன் உட்கார்ந்த இடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். உங்களுடையது மட்டுமல்லாமல் பக்கத்தில் கிடக்கும் இரண்டு உறையையும் எடுத்துப் பையில் போடுங்கள். பிள்ளைகள் அதைப் போட்டி வைத்தே செய்வார்கள். வீட்டுக்கு வந்ததும் காது, விரலிடுக்கு எல்லாம் துடைத்து, சுக்குக் காப்பி ஒரு வாய் கொடுங்கள். ஆற்றுத் தண்ணீர் சில பிள்ளைகளுக்கு முதல் தடவை சளி பிடிக்கும்.

இந்தப் பங்குனியில் பாபநாசத்துக்கு மாடி வீட்டுப் பெண்தான் கட்டுச்சோறு கட்டினாள். புளிக்காய்ச்சலில் கொஞ்சம் வெல்லம் போட்டிருந்தாள், அவள் அம்மா வீட்டுப் பக்குவமாம். என் மகன் இரண்டாவது பொட்டலம் கேட்டு வாங்கினான்.

ரயிலில் வருகிறவர்கள் பிள்ளைகளைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். அம்பாசமுத்திரம் விட்டதும் கல்லிடைக்குறிச்சிக்கு முன் ரயில் ஆற்றுப் பாலத்தில் ஏறும். சாயங்கால வெளிச்சம் தண்ணீரில் கிடக்கும் நேரம் அது.